‘மச்சி, டிரைவ் ஓப்பன் ஆகல’: டூயல் பூட் கம்ப்யூட்டரும் நான் சொன்ன தப்பான வைத்தியமும்

எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்பச் சொன்னவை மட்டும் நீக்கப்பட்டுள்ளன.

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். நான் பண்ணுன ஒரு தப்பைப் பத்திப் பேசப் போறேன். டெக்னிக்கலா சின்ன தப்பு. வாட்ஸ்அப்ல ஒரே ஒரு வரி அனுப்புனேன். அந்த ஒரு வரியால ஒருத்தரோட கல்யாண ஃபோட்டோ மொத்தமும் போயிருக்க வேண்டியது.

என் நண்பன் ஒருத்தன் சென்னையில ஃபோட்டோகிராஃபர். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் எடுப்பான். வீட்டு முன் ரூம்தான் ஸ்டூடியோ. அங்க ஒரு டெஸ்க்டாப். உள்ளே ரெண்டு டிரைவ். ஒண்ணு சின்ன எஸ்எஸ்டி, அதுல விண்டோஸ். இன்னொண்ணு 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஈ டிரைவ்னு காட்டும். கஸ்டமர் ஃபோட்டோ எல்லாம் அதுலதான்.

அவனுக்கு ஒரு தொல்லை இருந்துச்சு. கஸ்டமருங்க கொண்டு வர்ற பென் டிரைவ்ல எல்லாம் வைரஸ். ஒண்ணைச் சொருகினா ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடும். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி போய், ‘உபுண்டு போட்டுத் தர்றேன் டா. பென் டிரைவ் வேலையை எல்லாம் அதுல பாரு, எடிட்டிங்கை விண்டோஸ்ல பாரு’ன்னு எஸ்எஸ்டியில இடம் ஒதுக்கி டூயல் பூட் போட்டுக் குடுத்தேன். ஆன் பண்ணா எது வேணும்னு கேக்கும், செலக்ட் பண்ணிக்கலாம். நாலு மாசம் பிரச்சினையே இல்ல.

திங்கட்கிழமை சாயங்காலம்

ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணம் எடுத்திருந்தான். சுமார் 1,800 ஃபோட்டோ. அன்னைக்கு ராத்திரியே விண்டோஸ்ல ஈ டிரைவுக்குக் காப்பி பண்ணிட்டு ஷட் டவுன் குடுத்துட்டுத் தூங்கிட்டான்.

திங்கட்கிழமை ஏழு மணி. பழைய கஸ்டமர் ஒருத்தர் பென் டிரைவோட வந்து நிக்கிறார். இவன் உபுண்டுவை ஓப்பன் பண்றான். ஈ டிரைவை க்ளிக் பண்ணா எரர். நான் அப்போ மின்சார ரயில்ல, தொங்காத குறையா நின்னுட்டு இருக்கேன். போன் வருது. ‘மச்சி, டிரைவ் ஓப்பன் ஆகல. ஆளு முன்னாடி உக்காந்திருக்கார் டா.’

எனக்கு அந்த எரர் நல்லாவே தெரியும். நூறு தடவை பார்த்திருக்கேன். அதனாலதான் யோசிக்கவே இல்ல. என்டிஎஃப்எஸ்-ஃபிக்ஸ் அப்படின்னு ஒரு கமாண்ட் இருக்கு. அதை டைப் பண்ணி அனுப்புனேன். அவன் ஓட்டுனான். டிரைவ் ஓப்பன் ஆயிடுச்சு. ‘தெய்வம் டா நீ’ன்னு மெசேஜ் வேற.

பென் டிரைவுக்குக் காப்பி பண்ணிக் குடுத்தான். அதோட நிறுத்தியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். சும்மாதானே இருக்கோம்னு, ஞாயித்துக்கிழமை கல்யாண ஃபோட்டோவை எல்லாம் நலங்கு, முகூர்த்தம், பந்தின்னு தனித்தனி ஃபோல்டர் போட்டு நகர்த்தி வச்சான். உபுண்டுவுல இருந்துக்கிட்டே.

ராத்திரி பதினோரு மணிக்கு எடிட்டிங் ஆரம்பிக்க விண்டோஸை ஆன் பண்றான். ஈ டிரைவ் வருது. கல்யாண ஃபோல்டரை க்ளிக் பண்ணா, ‘இந்த ஃபைல் அல்லது ஃபோல்டர் சிதைந்துள்ளது, வாசிக்க முடியவில்லை’ங்கிற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு பாக்ஸ். ஓரத்துல இன்னொரு நோட்டிஃபிகேஷன், டிரைவ்ல தப்பு இருக்கு, ஸ்கேன் பண்ணட்டுமான்னு கேக்குது.

ஷட் டவுன் ஆகாத ஷட் டவுன்

இங்க கொஞ்சம் நிறுத்தி, உள்ளே என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன். இது புரிஞ்சா பாதிப் பிரச்சினை உங்களுக்கு வரவே வராது.

2012-ல விண்டோஸ் 8 வந்தப்போ ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. இன்னைக்கு வரைக்கும் பெரும்பாலான கம்ப்யூட்டர்ல அது தானாவே ஆன்ல இருக்கும். நீங்க ஷட் டவுன் குடுத்தா, உங்க புரோகிராம் எல்லாம் மூடப்படும். ஆனா விண்டோஸோட அடிப்பகுதி, கெர்னல், முழுசா மூடாது. தன் நினைவுல இருக்கிறதை டிஸ்க்ல ஒரு ஃபைலா எழுதி வச்சுட்டுத் தூங்கும். அடுத்த தடவை அதை எடுத்துப் போட்டுக்கிட்டு எழுந்திரிக்கும். அதனாலதான் சீக்கிரம் ஆன் ஆகுது. ரீஸ்டார்ட் குடுத்தா அப்படி இல்ல, அது முழுசா மூடித் திறக்கும். பேரைப் பார்த்தா தலைகீழா இருக்கும், ஆனா அதுதான் உண்மை.

ஒரு மளிகைக் கடைன்னு வச்சுக்கோங்க. கணக்குப்பிள்ளை நோட்டை முடிக்காமலே, ‘பாக்கி என் மனசுல இருக்கு, காலையில வந்து எழுதிக்கிறேன்’னு ஷட்டரைப் பாதி இறக்கிட்டுப் போறார். ராத்திரி இன்னொருத்தர் பின் கதவு வழியா உள்ளே வந்து, அந்த நோட்டை எடுத்து, வரிகளை அடிச்சு மாத்தி எழுதுறார். காலையில கணக்குப்பிள்ளை வர்றார். நோட்டைப் படிச்சே பார்க்கல, மனசுல இருந்ததை அப்படியே மேல எழுதிட்டுப் போறார். இப்போ அந்த நோட்டை யார் படிச்சாலும் புரியுமா?

டிஸ்க்லயும் அப்படி ஒரு கணக்கு நோட்டு இருக்கு. எந்த ஃபைல் எங்கே இருக்குன்னு சொல்ற அட்டவணை. உபுண்டு முதல்ல குடுத்த எரர் உண்மையில எரரே இல்ல. ‘நோட்டு பாதியில இருக்கு, விண்டோஸ் இன்னும் கணக்கை முடிக்கல, நான் கை வைக்க மாட்டேன்’னு சொன்ன எச்சரிக்கை. நான் அனுப்புன கமாண்ட் என்ன பண்ணுச்சுன்னா, அந்த எச்சரிக்கைப் பலகையைக் கழட்டிப் போட்டுச்சு. என்டிஎஃப்எஸ்-ஃபிக்ஸ், பேருக்கு ஃபிக்ஸ். ஆனா விண்டோஸோட செக்டிஸ்க் மாதிரி முழு ரிப்பேர் கிடையாது. சில அடிப்படைத் தப்பை மட்டும் சரி பண்ணி, ஜர்னல்னு சொல்ற எழுத்துக் குறிப்பை அழிச்சுட்டு, அடுத்த தடவை விண்டோஸ் செக் பண்ணட்டும்னு குறிச்சு வைக்கும், அவ்வளவுதான். அதோட மேன்யுவல்லயே இதைத் தெளிவாச் சொல்லியிருக்காங்க. நான்தான் ரயில்ல நின்னுக்கிட்டு மேன்யுவல் படிக்கல.

அப்போ நான் சொல்லியிருக்க வேண்டியது: ‘விண்டோஸுக்குப் போ, ரீஸ்டார்ட் குடு, மெனுவுல உபுண்டு எடு.’ மூணு நிமிஷ வேலை.

எதையும் தொடாதே

பதினோரு மணிக்கு அவன் போன் பண்ணப்போ குரலே வேற மாதிரி இருந்துச்சு. ‘ஸ்கேன் பண்ணட்டுமான்னு கேக்குது. ஓகே குடுக்கட்டுமா டா?’

எனக்கு இன்னொரு கமாண்ட் வாய் வரைக்கும் வந்துச்சு. நல்லவேளை, முழுங்கிட்டேன். ‘எதையும் க்ளிக் பண்ணாத. ஷிஃப்ட் கீயை அமுக்கிட்டே ஷட் டவுன் குடு. நான் வர்றேன்.’ ஷிஃப்ட் அமுக்கிட்டுக் குடுத்தா விண்டோஸ் தூங்காம முழுசா மூடும்.

ஏன் ஸ்கேன் வேண்டாம்னேன்? ரிப்பேர் பண்ற எந்த டூலும் டிஸ்க் மேல எழுதும். சரியா இருந்தா நல்லது, தப்பாப் போனா திரும்பிப் போக வழி இல்ல. இது ஒரே பிரதி. ஒரே பிரதி மேல ரிப்பேர் பார்க்கக் கூடாது. வாசிக்க முடியலன்னா அழிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல. ஃபோட்டோ எல்லாம் இருந்த இடத்துலதான் இருக்கும், வழி சொல்ற நோட்டுதான் குழம்பியிருக்கும். அது மேல நீங்க எழுத ஆரம்பிச்சீங்கன்னா அப்போதான் நிஜமாவே அழிய ஆரம்பிக்கும்.

பைக்கை எடுத்துக்கிட்டுப் போனேன். உபுண்டு இருக்கிற பென் டிரைவ்ல இருந்து, எதையும் இன்ஸ்டால் பண்ணாம, ‘ட்ரை’ன்னு குடுத்து ஆன் பண்ணுனேன். ஈ டிரைவைத் திறக்கல. டிஸ்க்ஸ்னு உபுண்டுலயே ஒரு ஆப் இருக்கு, அதுல ஸ்மார்ட் டேட்டா பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் தன் உடம்பைப் பத்தித் தானே வச்சுக்கிற ரிப்போர்ட் அது. நாலு வரி முக்கியம். 5, 197, 198-ஆம் நம்பர் வரிகள் கெட்டுப்போன, வாசிக்கத் திணறுற செக்டர்களோட கணக்கு. 199 ஏறிக்கிட்டே இருந்தா பெரும்பாலும் டேட்டா கேபிள்தான் லூஸ். இவனுக்கு நாலும் பூஜ்யம். அப்போ டிஸ்க்கோட உடம்பு நல்லா இருக்கு, நோட்டுதான் குழப்பம். கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

அப்போ அவன் அம்மா டீ கொண்டு வந்தாங்க. ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துட்டு, ‘ஏம்ப்பா, கேமராவுல போடுவீங்களே அந்த சின்ன அட்டை, அதுல இருக்காதா?’ன்னு கேட்டாங்க.

நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். டிஸ்க்கு, பார்ட்டிஷன்னு அரை மணி நேரமாப் பேசிட்டு இருக்கோம். இன்னொரு பிரதி எங்கயாவது இருக்கான்னு யாரும் கேக்கல. அதுதான் முதல் கேள்வியா இருந்திருக்கணும்.

கல்யாணத்துக்கு ரெண்டு கார்டு யூஸ் பண்ணியிருக்கான். ரெண்டாவது கார்டு பையிலேயே இருந்துச்சு, அழிக்கல. மத்தியானத்துக்கு மேல எடுத்த சுமார் 700 ஃபோட்டோ முழுசா இருக்கு. முதல் கார்டைத்தான் திங்கட்கிழமை காலையில ஃபார்மட் பண்ணி, ஒரு காதுகுத்துக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். முகூர்த்தம் அந்தக் கார்டுல.

ஆனா கேமராவுல சாதாரணமா ஃபார்மட் குடுத்தா ஃபோட்டோ எல்லாத்தையும் அழிக்காது, பட்டியலை மட்டும்தான் காலி பண்ணும். காதுகுத்துல 300 எடுத்திருக்கான். அந்த இடம் போச்சு. மீதி இருக்க வாய்ப்பு இருக்கு. கார்டு ஓரத்துல இருக்கிற சின்ன லாக்கைத் தள்ளி மூடிட்டு மேசை மேல வச்சோம். தெரியாம யாரும் அதுல எழுதிடக் கூடாதுன்னுதான்.

முதல்ல நகல், அப்புறம் வைத்தியம்

செவ்வாய்க்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் திறந்ததும் போய் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டு வந்தோம். பழசை விடப் பெருசா வாங்கணும். ஒரு செக்டர் கம்மியா இருந்தாக்கூட முழு நகல் உட்காராது.

நகல்னா ஃபைல் காப்பி பண்றது இல்ல. முதல் செக்டர்ல இருந்து கடைசி செக்டர் வரைக்கும் அச்சு அசலா எடுக்கிறது. அதுக்கு டிடி-ரெஸ்க்யூன்னு ஒரு இலவச டூல், குனூ திட்டத்தோடது. உபுண்டுல இன்ஸ்டால் பண்றப்போ பேக்கேஜ் பேருக்கு முன்னாடி ஒரு ‘ஜி’ சேர்த்துத் தேடணும். இதோட நல்ல குணம் என்னன்னா, நல்லா இருக்கிற இடத்தை எல்லாம் முதல்ல எடுத்துடும். கெட்ட இடத்துல முட்டி மோதாம, கடைசியில திரும்ப வரும். எது வரைக்கும் எடுத்தோம்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வைக்கும். நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம்.

ஒரே ஒரு ஆபத்து இருக்கு. எங்கே இருந்து, எங்கேங்கிறதை மாத்திக் குடுத்தா காலி டிஸ்க்கை ஃபோட்டோ மேல நகல் எடுத்துடும். முதல்ல பழசு, அடுத்தது புதுசு. டிஸ்க் சைஸைச் சத்தமா வாசிச்சேன். அவன் ஸ்க்ரீனைப் பார்த்து ‘சரி’ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் என்டர் தட்டுனேன். ஆரோக்கியமான 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். முடிஞ்சதும் பழைய டிஸ்க்கோட கேபிளைக் கழட்டி, டிஸ்க்கைத் துணியில சுத்தி பீரோவுல வச்சாச்சு. அச்சு அசல் ரெட்டைப் பிறவிங்க ரெண்டும் ஒண்ணா இருந்தா விண்டோஸும் குழம்பும்.

இப்போ நகல் மேல தைரியமா வேலை பார்க்கலாம். விண்டோஸ்ல செக்டிஸ்க்கை முதல்ல வெறுமனே ஓட்டுனோம். அப்படி ஓட்டினா அது பார்த்துச் சொல்லும், எழுதாது. ஏகப்பட்ட தப்பு காட்டுச்சு. அப்புறம் ஸ்லாஷ் எஃப் போட்டு ஓட்டுனோம், அதுதான் ரிப்பேர். முடிஞ்சப்போ டிரைவ்ல ‘ஃபவுண்ட்’னு ஒரு மறைஞ்ச ஃபோல்டர். பேர் தெரியாத அநாதை ஃபைல் எல்லாம் நம்பர் போட்டு அதுக்குள்ள. பழைய கஸ்டமர் ஃபோட்டோ ஒண்ணு கூடப் போகல. இந்தக் கல்யாணத்துலயும் பெரும்பகுதி வந்துச்சு.

வராததுக்கு ஃபோட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதுன இலவச டூல். அது கணக்கு நோட்டைப் பார்க்கவே பார்க்காது. நேரா டிஸ்க்கை வாசிச்சு, ஃபோட்டோ எப்படி ஆரம்பிக்கும்னு அடையாளம் வச்சு ஒவ்வொண்ணா பொறுக்கும். அதை நகல் மேலயும் ஓட்டுனோம், அந்த முதல் கார்டு மேலயும் ஓட்டுனோம். பொறுக்குனதை இன்னொரு டிரைவ்லதான் சேமிக்கணும், அதே டிஸ்க்ல சேமிச்சா நம்ம கண்ணை நாமே குத்திக்கிற மாதிரி. ஃபைல் பேர் எல்லாம் போயிடும். ஆனா எடுத்த தேதி, நேரம் ஃபோட்டோவுக்குள்ளேயே இருக்கும். அதை வச்சு வரிசைப்படுத்துனோம்.

புதன்கிழமை காலையில எண்ணிப் பார்த்தா, 19 ஃபோட்டோ வரல. எல்லாம் நலங்கு நேரத்துல எடுத்தது. அதுல சிலது பாதி இருக்கு, பாதி சாம்பல் கலர் பட்டை. பொண்ணும் அவங்க பாட்டியும் சேர்ந்து உக்காந்திருக்கிற ஒண்ணு, பாட்டி முகத்துக்குக் கீழே ஒண்ணும் இல்ல.

அவன் பொண்ணோட அப்பாவுக்குப் போன் பண்ணுனான். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், அது என் கடமை. மறைக்காமச் சொன்னான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், ‘தாலி கட்டுறது இருக்குல்ல தம்பி?’ன்னு கேட்டார். ‘இருக்குங்க சார், எல்லாம் இருக்கு.’ ‘சரி, விடுப்பா’ன்னார். அந்த ‘விடுப்பா’வுல எவ்வளவு வருத்தம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.

உங்க கம்ப்யூட்டர்ல வந்தா

எல்லா ‘ஓப்பன் ஆகல’வும் ஒரே நோய் இல்ல. சுருக்கமாச் சொல்லிடுறேன்.

லினக்ஸ்ல விண்டோஸ் டிரைவ் வாசிக்க மட்டும் முடியுது, எழுத முடியல, இல்ல ஓப்பனே ஆகலன்னா, முதல்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைச் சந்தேகப்படுங்க. விண்டோஸ் போய் ரீஸ்டார்ட் குடுங்க. கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், அதுல பவர் பட்டன் என்ன செய்யணும்ங்கிற பக்கம், அங்க ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துடுங்க. டூயல் பூட் போடுற அன்னைக்கே செய்ய வேண்டிய வேலை இது. நான் செய்யல.

விண்டோஸ்ல ஒரு டிரைவைக் க்ளிக் பண்ணா ‘ஃபார்மட் பண்ணட்டுமா’ன்னு கேட்டா, கேன்சல் குடுங்க. அது உங்க லினக்ஸ் பார்ட்டிஷனாவே இருக்கலாம். லினக்ஸோட ஈஎக்ஸ்டி4 விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தனக்குப் புரியாததை எல்லாம் அழிச்சுடட்டுமான்னு கேக்கும். கேள்வியை அறிவுரைன்னு எடுத்துக்காதீங்க.

டிரைவ்ல பூட்டுப் படம் இருந்தா, இல்ல நீலத் திரையில கீ கேட்டா, அது பிட்லாக்கர். டிஸ்க் கெடல, பூட்டியிருக்கு. புது லேப்டாப்ல உங்களுக்குத் தெரியாமலே ஆன்ல இருக்கலாம். 48 இலக்க ரெக்கவரி கீ வேணும். பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும். டூயல் பூட் போடுறதுக்கு முன்னாடியே அதைப் பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க.

லினக்ஸுக்கு டிரைவே தெரியலன்னா, பயாஸ்ல இன்டெல் ஆர்எஸ்டி இல்ல விஎம்டி ஆன்ல இருக்கான்னு பாருங்க. அவசரத்துல சட்டுனு மாத்திடாதீங்க, விண்டோஸ் பூட் ஆகாமப் போகலாம்.

டிக் டிக்னு சத்தம் வந்தா, இல்ல ஸ்மார்ட்ல 197 ஏறிக்கிட்டே போனா, எந்த டூலும் ஓட்டாதீங்க. கரண்டை நிறுத்திட்டு, டேட்டா முக்கியம்னா டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க. எஸ்எஸ்டின்னா இன்னும் ஜாக்கிரதை. டிரிம்னு ஒண்ணு இருக்கு, அழிச்ச ஃபைலை எஸ்எஸ்டி தானே உள்ளுக்குள்ள துடைச்சுடும். ஹார்ட் டிஸ்க் மாதிரி பொறுக்கி எடுக்க முடியாது.

எது வந்தாலும் வரிசை இதுதான். இன்னொரு பிரதி இருக்கா? டிஸ்க் உடம்பு எப்படி இருக்கு? நகல் எடுத்தாச்சா? இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்ச பிறகுதான் ரிப்பேர்.

இப்போ அவன் கம்ப்யூட்டர்ல ரெண்டும் இருக்கு. உபுண்டுவைத் தூக்கிடட்டுமான்னு கேட்டேன். ‘அது இருக்கட்டும் டா, அது பாவம் முதல்லயே மாட்டேன்னுதானே சொல்லுச்சு. நீ ரயில்ல இருந்துக்கிட்டு வைத்தியம் சொல்லாத, அது போதும்’னான். அன்னைக்கு வாங்குன 2 டிபி டிஸ்க் இப்போ பேக்கப்புக்கு மட்டும். ஃபோட்டோ ரெண்டு இடத்துல உட்கார்ந்த பிறகுதான் கார்டை ஃபார்மட் பண்ணணும்னு வீட்டுல சட்டம். சட்டம் போட்டது அம்மா. ஒவ்வொரு கல்யாணம் முடிஞ்சு வந்ததும், ‘அட்டையை அழிச்சுட்டியா?’ன்னு கேக்குறாங்களாம்.

இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க வீட்டுல ஒரே ஒரு இடத்துல மட்டும் இருக்கிற ஃபோல்டர் எதுன்னு யோசிங்க. யோசிச்சதும் மனசுல முதல்ல வர்றது எதுவோ, அதை இன்னைக்கே இன்னொரு இடத்துல காப்பி பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வணக்கம்.